நூற்றுப் பத்தாவது கட்டு

வியாழன் மதியம் மொரீன் கடைசிச் சீட்டையும் அதன் கட்டோடு சேர்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது, எதிர் மேஜையில் இருந்த லேலண்டுக்கு வயிறு எரிந்தது. மாசசூசெட்ஸில் உள்ள அந்த அகராதி அலுவலகத்தில் பொருள் தொகுக்க ஆயுளுக்கு ஒரு பெரிய வினைச்சொல் கிடைத்தாலே கொடுப்பினை. 'ரன்' என்ற ஆங்கிலச் சொல் மொரீனுக்குக் கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. நாளை சாயங்காலத்துக்குள் அவள் முடிக்காவிட்டால் அது உனக்குத்தான் என்று தலைமை ஆசிரியர் ஹோவர்ட் லேலண்டிடம் சொல்லியிருந்தார்.

ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். ஜனங்கள் எழுதிய வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு சீட்டில்; பொருளுக்கு ஒரு கட்டு, கட்டின் எண் சீட்டுதோறும் பென்சிலில்; மூன்று மேஜை நிறைய நூற்றுத் தொண்ணூறு கட்டுகள். சீட்டு பறந்துவிடும் என்று கோடையிலும் ஜன்னலைத் திறக்கவில்லை அந்த மனுஷி. பொறாமை ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளதைச் சொல்ல வேண்டுமே: அப்படியொரு மூளையை லேலண்ட் கண்டதில்லை.

மொரீன் நூற்றுப் பத்தாவது கட்டை மறுபடி பிரித்துப் படித்தாள். முகம் மாறியது. அந்த அலுவலக மாடியில் யாரும் வாய் திறப்பதில்லை; எதுவானாலும் எழுதித்தான் நீட்டுவார்கள். அவளோ சத்தமாகவே சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டேன், லேலண்ட். ஜுரம் அடிக்கிறதைக் கடை நடத்துறதோட சேர்த்துட்டேன்."

"'ரன் எ ஃபீவர்', 'ரன் எ ஷாப்', ரெண்டும் ஒரே மாதிரிதானே வருது?"

"கடை நடத்துறவன் கடைக்கு முதலாளி. ஜுரத்துக்கு யாரு முதலாளி?"

ஜுரத்தைத் தனிக் கட்டாகப் பிரித்தால் பின்னால் வரும் எண்பது எண்களும் மாறும். ஒருத்தியால் நாளைக்குள் முடியாது.

"விட்டுடுங்க மொரீன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. மூஞ்சியைத் தொங்கப் போடாதப்பா, திங்கக்கிழமை 'ரன்' உன் மேஜைக்கு வந்துடும். ஹோவர்ட் என்கிட்டயும் சொல்லிட்டார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லேலண்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடைசியிலேர்ந்து நான் எண்ணை மாத்திட்டு வரேன். நீங்க இங்கேர்ந்து வாங்க."

மொரீன் ரப்பரை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு மேஜையின் ஓரத்தில் கையகல இடம் ஒதுக்கி, அதில் புதுக் கட்டின் முதல் சீட்டை வைத்தாள். யாரோ ஒரு தாய், பிள்ளைக்கு ஜுரமென்று பள்ளிக்கு எழுதிய இரண்டு வரி.