ஜெபத்தில் இருந்தவர்

"என் கைமேல் தலை சாய்த்து, ஒரு முனகல்கூட இல்லாமல், புன்னகையோடு கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தாள்" என்று போதகர் பிரசங்கபீடத்திலிருந்து சொன்னதும், முன்வரிசையில் இருந்த அவருடைய மகளுக்குச் சுர்ரென்று தலைக்கேறியது.

எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் பெட்டி. உள்ளே அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் வாயை எப்படியோ மூடி வைத்திருந்தார்கள். நேற்று மதியம் அந்த வாய் பாதிக் கத்தலில் திறந்தபடியே நின்றுபோனதைப் பார்த்தவள் மகள் ஒருத்திதான்.

அம்மாவின் பக்தியில் கலப்படம் இல்லை. விடிவதற்குள் ஆலயத்தைப் பெருக்கிவிடுவாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, வேலைக்காரனை விரட்டுகிற மாதிரி ஆண்டவரை விரட்டுவாள். "அந்தத் தச்சர் மூச்சு விட முடியாம கெடக்காரு, நீ பாட்டுக்கு மேல உக்காந்து வேடிக்கை பாத்தா எப்படி?" ஊரில் யாருக்காவது கடைசி நேரம் என்றால் ஆள் வரும், போதகரைத் தேடி. போவது என்னவோ இவள்தான். எச்சில் துடைப்பாள், மலம் அள்ளுவாள், காதருகே மெதுவாகப் பாடுவாள். "ஐயா வரலையா?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஐயா ஜெபத்துல இருக்காரு."

சின்ன வயதில் மகள் அதை நம்பினாள். ஒரு தடவை ஆலயத்துக்குப் பின்னால் இருந்த அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா அவளைக் கைநீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு மகளுக்கு ஆலயமும் கசந்தது, வீடும் கசந்தது. வளர்ந்ததும் நகரத்துக்குப் போய்ப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அம்மாவின் வயிற்றில் கட்டி முற்றிவிட்டது என்று தெரிந்ததும் விடுப்புப் போட்டு வந்து கூடவே இருந்தாள். நேற்று மதியம் அம்மா அவள் கையைச் சுரண்டினாள்.

"அப்பாவ வரச் சொல்லு. ஒரு சங்கீதம் வாசிச்சா போதும்."

மகள் முற்றத்தைத் தாண்டி ஓடி, ஆலயத்துக்குப் பின்னால் இருந்த அந்த அறையின் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஜெபத்துல இருக்கேம்மா" என்றது அப்பாவின் குரல்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஜெபத்துல இருக்காராம்."

ஊருக்கெல்லாம் சொன்ன பதில் முதல்முறையாக அவளுக்கே வந்து சேர்ந்தது. அம்மாவின் முகம் கறுத்தது. தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தாள். "கதவ ஒடைடி! ஒடைச்சு இழுத்துட்டு வா அந்த மனுஷன!" அப்படிப்பட்ட குரல் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ. அவளை விட்டுவிட்டு மகளால் நகர முடியவில்லை. எத்தனையோ வருஷமாகத் தொடாத வேதத்தை எடுத்துத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். தப்பாக வாசித்த இடத்தில் அம்மா திருத்தினாள். நடுவில் மறுபடியும் அவரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அந்தக் கத்தல் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது ஆலயத்தின் முன்வரிசையில் மகள் எழுந்து நின்றாள்.

"நீங்க அங்க இல்லப்பா."

பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரல். போதகர் வேதத்தில் எதையோ தேடினார்.

"ஒங்கள கூப்பிட்டுக் கத்திக்கிட்டேதான் செத்தாங்க. சிரிச்சுட்டே இல்ல."

பின்னாலிருந்து தச்சரின் மனைவி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "உக்காரும்மா. எங்க வீட்டுக்காரர் போனப்பவும் ஐயா வாசப்படிய தாண்டல. எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்தீங்க?"

"ஒங்கம்மாதான் யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா வார்த்தைய எப்படிம்மா தட்டுறது?"

அப்போது வந்த கோபம் யார் மேல் என்று மகளுக்கே பிடிபடவில்லை. அப்பா மேலா, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சபை மேலா, சரிசெய்த வாயோடு சாதுவாகப் படுத்திருந்த அம்மா மேலா. உன்னாலதான், உன்னாலதான் என்று பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். போதகர் மட்டும் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். மகள் ஈர மண்ணில் விடுவிடென்று நடந்து அவரிடம் போனாள்.

"வாங்க."

"பயமா இருக்கும்மா."

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நிஜம் அதுதான். அதைக் கேட்டால் மனசு இளகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு இளகவில்லை.

"இருக்கட்டும். பயந்துகிட்டே வாங்க."

கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முழங்கையைப் பற்றி இழுத்து வந்து குழியின் விளிம்பில் நிறுத்தினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. குழி வெட்டியவர் என்ன செய்வதென்று தெரியாமல் மண்வெட்டியை நீட்டினார். போதகர் அதை வாங்கினார், எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர் போல. அவருடைய முழங்கால் ஆட ஆரம்பித்தது. காலடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்து பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.