எண்ணெய் டின்னும் கல்யாண வண்டியும்

திருக்கழுக்குன்றம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் தாவீதுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, எழுபத்து நாலாம் வருடத்து பியட் கார். இன்னொன்று, மகள் ஜாய்ஸ். கல்யாணத்தன்று மகளை அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரவைத்து, தானே மாமல்லபுரம் சர்ச்சுக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று, அவள் ஞானஸ்நானத்தன்றே முடிவுகட்டிவிட்டார். இருபத்தாறு வருடமாக வண்டியை விற்காததற்கு வேறு காரணமே கிடையாது.

அந்த ஜாய்ஸ்தான் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

“பின்னாடி சீட் பெல்ட் இல்லாம நான் ஏறமாட்டேம்ப்பா. நாவலூர்லேர்ந்து வாடக வண்டி சொல்லிக்கிறேன்.”

“இன்னாது? பியட்ல எவன் பின்னாடி பெல்ட்டு மாட்னான்? உங்கம்மா இதே சீட்டுலதான் வந்தா. இன்னா ஆயிப்போச்சு?”

“எங்க வார்டுக்கு வந்து பாரு. இன்னா ஆவும்னு தெரியும்.”

அவள் செங்கல்பட்டில் விபத்துப் பிரிவு நர்ஸ். அந்தப் பேச்சு தாவீதுக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால் கோபம் வந்தது. மறுநாளே புது பெல்ட் இரண்டு வாங்கி வந்து, பின் சீட்டைத் தூக்கி வெளியே போட்டு, தரைத் தகட்டில் துளையிட்டு போல்ட்டை முறுக்கினார். ஒரு மணி நேர வேலை.

“இந்தா, இஸ்துப் பாரு. யானய கட்டலாம்.”

ஜாய்ஸ் காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். படாரென்று ஒரு சத்தம். பெல்ட், போல்ட், போல்ட்டைச் சுற்றி இரண்டு கையகலத் தகடு எல்லாம் பிய்த்துக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தன. ஓட்டை வழியாகப் பட்டறை மண் தெரிந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் பளிச்சென்று ஒரு சூரியகாந்திப் பூ. சமையல் எண்ணெய் டின்!

தாவீதின் முகம் செத்துவிட்டது. துருப்பிடித்த தரைக்கு டின்னை வெட்டிப் பற்றவைத்து, மேலே தார் பூசி மறைத்தது சாட்சாத் அவரேதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில். ஊரார் வண்டி என்றால் செய்திருக்கமாட்டார். நம்ம வண்டிதானே என்று செய்துவிட்டு, செய்ததையும் மறந்துவிட்டார்.

“இதுக்கு மேல குந்திகினுதான் நான் ஸ்கூலுக்குப் போனனா?” என்றாள் ஜாய்ஸ்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மறுநாள் வந்த வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு பியட்டுக்கு அடியில் படுத்தார். நல்ல இரும்பு தட்டுப்படும்வரை தரையை வெட்டி எறிந்தார். புதுத் தகடு போட்டார். போல்ட் ஏறும் இடங்களுக்கு அடியில் கனத்த இரும்புப் பட்டை கொடுத்துப் பற்றவைத்தார். தோள் பெல்ட் மாட்டும் பின் தூணுக்கும் அப்படியே. பத்திரிகை வைக்கப் போகலாம் வா என்று மனைவி ஹெலன் கத்திக் கத்தி ஓய்ந்தாள். ஒன்பது நாள் மனிதர் அசையவில்லை.

பத்தாம் நாள் வேடந்தாங்கல் பக்கத்து நண்பர் ஆனந்தனை டிராக்டரோடு வரச் சொன்னார். சுற்று ரப்பரை மாற்றுவதற்காக முன் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தது வசதியாயிற்று. பூட்டிய பெல்ட்டுகளில் கயிற்றைக் கோத்து, முன்பக்கமாக வெளியே எடுத்து, டிராக்டரில் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்தார்.

“அண்ணாத்த, வண்டி ரெண்டா பூடும்,” என்றார் ஆனந்தன்.

“பூடட்டும். இஸு.”

டிராக்டர் உறுமியது. பெல்ட் விறைத்தது. பியட் முனகிக்கொண்டு, கட்டைகளையும் தள்ளிக்கொண்டு, மண்ணை உழுதபடி ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது. ஜாய்ஸ் டார்ச்சோடு அடியில் நுழைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

“வாடக வண்டிய வாணான்னு சொல்லிடறேம்ப்பா.”

ஐம்பத்தெட்டு வயசு தாவீது டிராக்டர் மேலேறி விசிலடித்தார். அப்புறம் இறங்கி, ஒரு தரம் இழுபட்டதை நம்பக்கூடாது என்று அந்தப் பெல்ட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு புதுசு மாட்டினார்.

கல்யாணத்தன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் ஒரு சுற்றுலா வேன் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே பாய்ந்தது. தாவீது பிரேக்கில் ஏறி நின்றார். பூச்செண்டு பறந்து வந்து முன் கண்ணாடியில் மோதியது. ஜாய்ஸ் வரவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார், உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

“ஒண்ணும் ஆவலயே, கண்ணு?”

“ஒண்ணும் ஆவல. வண்டிய எடுப்பா, டைம் ஆவுது.”

சர்ச் வாசலில், வெள்ளைப் புடவையில் தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் அழுந்திய மடிப்பை யாரோ நீவிவிட வந்தார்கள். “அது இருக்கட்டும், வுடுங்க,” என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். தாவீது அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சை நிமிர்த்திப் பீடம்வரை நடந்தார்.