துவைத்துப் போட்ட சாட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அண்ணி. நகராட்சியில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அலுவலர். பதினோரு வருடமாக மாதம் ஒரு கூட்டம் போடுகிறார். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள், பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், மிஞ்சிய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். கைப்பை நிறைய நோட்டீஸ். வீட்டிலேயே அவருக்கு ‘நோட்டீஸ்’ என்றுதான் பெயர். வைத்தவன் என் அண்ணன், அதுவும் மனைவி காதில் விழாத தூரத்தில் இருந்தால் மட்டும் சொல்வான்.

அந்த வியாழக்கிழமை மதியம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜை முன்னால் நின்றார். “தம்பி, ரெண்டு வருஷமா எதுவும் எழுதாம உக்காந்திருக்கியே, இந்தா ஒரு கதை. கெடுத்துடாம எழுது” என்றார்.

கெடுக்காமல் எழுதப் பார்க்கிறேன். எழுதியதை அவ்வப்போது அவர் வாங்கிப் படிக்கிறார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.*

* கையில் பென்சிலோடு.

2

‘காலை ஐந்தே முக்கால். டெப்போவில் நாற்பது பேருந்துகளும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு

(விட்டுவிட்டேன். பேருந்துக்குத் தொண்டை வைத்தால் அடுத்த பத்தியில் நுரையீரலும் வைக்க வேண்டிவரும்.)

‘அவள் ஒரு போராளி. அநீதியை எங்கே கண்டாலும்

(அண்ணி குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரத்தில் எழுதியது: நான் சம்பளம் வாங்குகிற ஆள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். பேருந்து டெப்போவுக்கு எதிரே ஒரு மழலையர் பள்ளி. தினமும் காலையில் வண்டிகளைக் கிளப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இன்ஜினை ஓடவிட்டுவிடுவார்கள். இன்ஜின் சூடாக வேண்டும் என்பது சாக்கு. எந்தக் காலத்து வண்டிக்கோ வந்த பழக்கம், வண்டி மாறியும் பழக்கம் மாறவில்லை. தெருவில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. பள்ளியில் பாதிக் குழந்தைகளுக்கு இருமல்.

அண்ணி டெப்போ மேலாளரிடம் நான்கு முறை போய்ப் பேசினார். நான்கு முறையும் ஒரே பதில். “அது ரோட்டுத் தூசி மேடம். எங்க வண்டிப் புகைதான்னு நேர்ல காட்டுங்க, மறுநாளே நிறுத்தச் சொல்றேன்.” பேச்சுக்குச் சொன்னார். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரே கடையில் இரண்டு புது வெள்ளை விரிப்புகள் வாங்கினார். ஒன்றைப் பள்ளிச் சுவரில் கட்டினார். இன்னொன்றைப் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் நூலகச் சுவரில், அதே உயரத்தில். அங்கேயும் ரோடு உண்டு, தூசி உண்டு, டெப்போ மட்டும் கிடையாது. முப்பது நாள். முப்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். மேலாளர் வருவதாக ஒப்புக்கொண்டார். பதினைந்து நிமிஷம்தான், இன்னொரு தடவை கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

3

இப்போது சாவியக்கா வர வேண்டும்.

கூடத்தின் சாவிக்கொத்து இடுப்பில் தொங்குவதால் அந்தப் பெயர். பெருக்குவது, துடைப்பது, நாற்காலி போடுவது, கடைசி ஆள் போனதும் பூட்டுவது எல்லாம் அவர்தான். புதன்கிழமை சாயங்காலம் அண்ணி இரண்டு விரிப்புகளையும் அவிழ்த்து, தனித்தனியாகச் சுருட்டி, மேடை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பள்ளிச் சுவரில் இருந்தது கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி ஆகியிருந்தது. அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். அழுக்கைப் பார்த்து அப்படிப் பூரித்துப்போன மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குக் கூடத்துக்குள் நுழைந்த அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடையில் கொடி கட்டி இரண்டு விரிப்புகள் தொங்கின. இரண்டும் பளிச்சென்று. நீலம் போட்டு, சுருக்கம் நீவி. எது பள்ளி, எது நூலகம் என்றே தெரியவில்லை.*

“பெரிய ஆபீசர் வர்றாருன்னு சொன்னீங்க. இந்த அழுக்கை மேடையில வெச்சா நமக்குத்தானே அசிங்கம்? ஆறு மணிக்கே வந்து தொவைச்சுப் போட்டுட்டேன்” என்றார் சாவியக்கா. ஒரு பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அண்ணி திட்டவில்லை. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது நாள் போனது ஒரு பக்கம். பதினோரு வருடமாக மாதாமாதம் இந்தக் கதவைத் திறந்துவிடுகிறவருக்கே தான் என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லையே என்பதுதான் அவரை உடைத்தது. இனி யாருக்காகப் பேசுவது?

வாய் மட்டும் பழக்கதோஷத்தில் கேட்டது: “தொவைச்ச தண்ணியை எங்கக்கா ஊத்துனீங்க?”

* போட்டோ எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தார். ‘போட்டோவை யார் வேணா எப்படி வேணா மாத்தலாம், துணியைக் கொண்டாங்க’ என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார்.

4

சாவியக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஊத்துவேனா? சோப்புத் தண்ணி தெருக் கால்வாய்ல விழுந்தா நேரா ஏரிக்குத்தான் போகும், பாத்ரூம் கழிவுக் குழாய்லதான் ஊத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? பாத்ரூமுக்கு மேடையைத் தாண்டிப் போகணும், நாற்காலியெல்லாம் வேற போட்டாச்சு. கூட்டம் முடிஞ்சு ஊத்திக்கலாம்னு பின்னால வெச்சிருக்கேன்.”

அண்ணிக்கு ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்துக் கூட்டம். கேட்டவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மூன்றாவது ஆள் கதவோரம் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றார். சீக்கிரம் முடி என்று சொல்லாமல் சொல்கிறார் என்றே அண்ணி நினைத்திருந்தார். இல்லை, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வாளி சோப்புத் தண்ணீர்கூட அந்தக் கால்வாயில் விழுந்ததில்லை.

(கதையை இங்கே நிறுத்துகிறேன். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். இவ்வளவு பொருத்தமாக ஒருத்தி தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பாளா? வாசகர் என்னைக் கேலி செய்யமாட்டாரா? அதனால் இன்னொரு வடிவம் எழுதிப் பார்த்தேன். அதில் சாவியக்கா தண்ணீரைக் கொட்டிவிடுகிறார், மேலாளர் சிரித்துவிட்டுப் போகிறார், அண்ணி வெறும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சோகமாக முடித்தால் தரம் கூடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அண்ணி படித்துவிட்டுப் பென்சிலை வைத்தார். “நடந்தது பிடிக்கலைன்னா வேற கதை எழுதிக்க” என்றார். அப்புறம் கையோடு கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வாளிகளைக் காட்டினார். உள்பக்கம் கறுப்பு வளையம். விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. சந்தேகம் போய்விட்டது.)

5

மொத்தம் நான்கு வாளிகள். நல்ல துணியை அழுக்கோடு சேர்த்துப் போடுகிற வழக்கம் சாவியக்காவிடம் இல்லை. பள்ளித் துணியைத் தனியாக மூன்று தண்ணீரில், நூலகத் துணியைத் தனியாக ஒரே தண்ணீரில். எந்த வாளி எதுவென்று கேட்டதும் சொன்னார். நான்கையும் இருவருமாகத் தூக்கி, மேடையில் வெள்ளை விரிப்புகளுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள்.

மேலாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கூடத்தில் பதினேழு பேர், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளின் அம்மாக்கள். நடந்ததை அண்ணி ஒளிக்காமல் சொன்னார். மேலாளர் பள்ளித் துணியின் முதல் வாளியை எட்டிப் பார்த்தார்.

“ரோட்டுத் தூசியைத் தொவைச்சாலும் தண்ணி கறுக்கத்தானே மேடம் செய்யும்?”

அண்ணி நோட்டீஸில் இருந்த புள்ளிவிவரத்தைத் தேடினார். அதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

“ரோட்டு மண்ணுன்னா அலசுனாலே போயிடும் சார். இந்தா, லைப்ரரித் துணியில இருந்தது மண்ணு, அடியில படிஞ்சிருக்கு பாருங்க. இது அப்படி இல்ல. மேல மிதக்குது, கையில ஒட்டுது. மூணு தடவை சோப்பு போட்டேன். இருபது வருஷமா இந்தத் தரையைத் தொடைக்கிறேன், மண்ணு எது கரி எதுன்னு எனக்குத் தெரியாதா?”

மேலாளர் சட்டைக் கையை மடக்கினார். இரண்டு விரலை முதல் வாளிக்குள் விட்டு, தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருடம் டெப்போவில் இருந்தவருக்கு அந்த வாசனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது, விரல் வெளுக்கவில்லை. பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“சோப்பு இருக்காம்மா?” என்று சாவியக்காவிடம் கேட்டார். கழுவிக்கொண்டே அண்ணி பக்கம் திரும்பினார். “சொன்ன வார்த்தை சொன்னதுதான் மேடம். நாளையிலேர்ந்து கிளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணாப் போதும்னு எழுதிப் போட்டுடறேன்.”

முதலில் கைதட்டியது அண்ணிதான். மேலாளருக்காக இல்லை, சாவியக்காவைப் பார்த்துத் தட்டினார். பிறகு பதினேழு பேரும் எழுந்து தட்டினார்கள். அண்ணியின் கண்கள்

(பென்சில்: அது சோப்பு நுரை.)

6

எந்த முடிவு வேண்டும் என்று பாருங்கள்.

முதல் முடிவு: மறுநாள் காலை தெரு முழுக்கத் தூங்கிவிட்டது. இத்தனை வருடம் இன்ஜின் சத்தத்தில் எழுந்து பழகியவர்கள். எட்டு மணிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடியவர்களில் மூன்று பேர் நகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். அண்ணி அந்த மூன்று புகாரையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இரண்டாவது: பள்ளிச் சுவரில் மறுபடி ஒரு வெள்ளை விரிப்பு, மறுபடி முப்பது நாள். அவிழ்த்து மேடையில் விரித்தபோது சாவியக்கா சோப்போடு தயாராக நின்றார். ஒரு முனையை எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல தொவைக்க என்ன இருக்கு?”

மாதாந்திர அறிக்கையில் ‘விளைவு’ என்ற கட்டத்தில் அண்ணி இந்த வரியை அப்படியே எழுதி அனுப்பினார்.

இங்கேயே முடிக்கலாம் என்றேன். அண்ணி விடவில்லை. ஊரில் இன்னும் ஐந்து டெப்போ இருக்கிறதாம். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி பற்றாமல் பக்கத்துப் பள்ளியிலிருந்து பெஞ்சு இழுத்துப் போட்டார்கள். பேசியவர் சாவியக்கா. இந்தத் தடவை நோட்டீஸ் கிடையாது. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு முழம் வெள்ளைத் துணி.

7

(இந்தப் பகுதியை நான் எழுதவில்லை. வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். முப்பது நாள் உங்கள் ஜன்னலில் மாட்டிவையுங்கள். அப்புறம் எடுத்துப் படித்துவிட்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: துவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.)