கயாக்குக்கு ஒரு ஸ்கேன்

"ஒரு மணி நேர வேலை. காபி குடிக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள் தங்கை. அண்ணன் அட்டைப் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அதற்குள் பாம்பு இருப்பதுபோல இரண்டடி பின்னால் நின்றுகொண்டான்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில் ஆளோடு நின்றுபோன லிஃப்டைத் தனியாளாகக் கீழே இறக்கியவள். அண்ணன் பேருந்து ஓட்டுகிறான். சாலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வீட்டில் பல்பு மாற்றவும் தங்கைக்குத்தான் போன் போடுவான்.

அட்டைப் பெட்டிக்குள் இருந்தது மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி. உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, நீளமான ஒயர், ஒயரின் நுனியில் பிஸ்கட் அளவுக்குக் கறுப்பாக ஒரு சென்சார். சென்சார் தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பி வந்தால், அதைத் திரை படமாக வரையும். அவ்வளவுதான் சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரியில் பஸ் டிப்போக்காரர்களுக்குள் தூண்டில் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர். பிடிக்கிற மீனில் பெரியது எதுவோ அதைத்தான் எடை போடுவார்கள். அண்ணன் மூன்று வருஷமாகக் கலந்துகொள்கிறான், மூன்று வருஷமும் ஒரு குஞ்சு மீன்கூடச் சிக்கவில்லை. டிப்போவில் அவனைக் 'காலி வண்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வருஷம் கூட வரவேண்டிய கண்டக்டர் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், அந்த இடத்துக்குத் தங்கையின் பெயரைக் கொடுத்திருந்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு ஸ்டூல்களின் மேல் தலையணை போட்டு, அதன்மேல் கயாக் என்கிற துடுப்புப் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், நாலு மீட்டர் நீளம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. அண்ணன் துளை போடும் மெஷினை எடுத்து நீட்டினான்.

"எதுக்கு?"

"அடியில ஓட்டை போட்டு சென்சாரை வெளிய விடணும்ல? படத்துல அப்படித்தான் போட்டிருக்கான்."

"அண்ணா, தண்ணியில மிதக்குற எதுக்கும் நான் அடியில ஓட்டை போடமாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் போடமாட்டேன். நிமித்து இதை."

அவள் யோசனை வேறு. நடு மூடியைத் திறந்தால் கயாக்கின் வயிற்றுக்குள் கை போகும். அங்கே, உள்பக்கத் தரையில், தடித்த ரப்பர் பஞ்சால் ஒரு வளையம் ஒட்டி, அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சென்சாரை அதில் உட்கார வைத்துவிட்டால் போதும். பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சத்தம் தானாகப் போகும். வளையத்துக்குத் தன் பழைய முழங்கால் பட்டையை வெட்டினாள். லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு மண்டியிட்டு அது ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. பேட்டரி விஷயத்தில் அவளுக்குக் குழப்பமே இல்லை, கரண்ட் போனால் லிஃப்டுக்குள் எரியும் விளக்குக்கு வைக்கிற அதே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ரப்பர் விளிம்பு வைத்த சாப்பாட்டு டப்பாவில் அதை அடைத்தாள். சிவப்பு ஒயரில் ஃபியூஸ் போட்டாள். மேல்தட்டில் மட்டும் விரல் அளவுக்கு ஒரே ஒரு துளை, அதில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் மூடி. திரையை முன் இருக்கைக்கு எதிரே திருகினாள். பார்ப்பவன் கழுத்தை வளைக்காமல் பார்க்கவேண்டும் என்பதற்காக அண்ணனை மூன்று முறை உட்கார வைத்து எழுப்பினாள்.

ஒரு மணி நேரம் மூன்றரை மணி நேரமாகிவிட்டது. காபியும் மூன்று முறை வந்தது. ஸ்விட்சைப் போட்டதும் திரை நீலமாக எரிந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன்" என்றான் அண்ணன். ஏற்கெனவே மீன் பிடித்துவிட்டவன் முகம்.

பிற்பகலில் ஏரிக்கு எடுத்துப் போனார்கள். அண்ணியும் வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிட்டாள். நகரத்து ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருஷமாக அல்ட்ராசவுண்ட் எடுப்பவள் அவள். சென்டரின் வெளிர்நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கரையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்துக் கடித்தாள்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. வீடு கட்டிய வருஷம் தங்கை வந்து சமையலறைக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தாள். சுத்தமான வேலை. ஆனால் ஒரு ஸ்விட்ச் போர்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. அண்ணி பத்து வருஷமாகக் கையை ஒடித்துக்கொண்டுதான் அந்த ஸ்விட்சைப் போடுகிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கையும் கேட்டதில்லை.

கயாக்கைத் தண்ணீரில் தள்ளியதும் திரையில் பூஜ்யம் புள்ளி எட்டு மீட்டர் என்று ஆழம் வந்தது. கீழே தரை பழுப்பு நிறத்தில் அழகாக ஓடியது. அண்ணன் கைதட்டிவிட்டு ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தான், துடுப்பைப் போட்டான். இருபது மீட்டர் போயிருப்பான்.

"படம் போயிடுச்சு!" என்று கத்தினான்.

திரும்பி வந்து இறங்கினான். படம் வந்தது. ஏறினான். போனது.

"ராசி" என்றான் அண்ணன், முகம் செத்துப்போய். "என்னைப் பாத்தாலே அதுக்குப் பிடிக்கல."

"ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆள் ஏறினா நிக்குது, இறங்கினா ஓடுது. இது மாதிரி நூறு லிஃப்ட் பாத்திருக்கேன். வெயிட்ல ஏதோ நகருது. ஏறி உட்காரு. இப்ப முன்னாடி சாய்."

சாய்ந்தான். படம் வந்தது.

"பின்னாடி."

போனது. தங்கை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே நடு மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். காரணம் கண்ணெதிரே கிடந்தது. அண்ணனின் எடைக்குக் கயாக்கின் பின்பக்கம் தாழ்கிறது. வளையத்துக்குள் இருக்கிற தண்ணீரும் பின்னால் ஓடிவிடுகிறது. சென்சாரின் பாதி காற்றில் நிற்கிறது. தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிப் பார்த்தாள், வழிந்து போயிற்று. சென்சாரைப் பசையிலேயே ஒட்டிவிடலாம்தான். ஆனால் அந்தப் பசை காய ஒரு முழு நாள் வேண்டும், போட்டியோ காலை ஏழு மணிக்கு.

கோளாறு தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நடுவுல காத்து வந்தா சத்தம் தாண்டாது" என்றது கரையிலிருந்து ஒரு குரல். அண்ணி ஆப்பிளின் கடைசித் துண்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நாங்க வயித்துல எதுக்கு ஜெல் தடவுறோம்னு நினைச்சே? ஜில்லுன்னு இருக்கட்டும்னா?"

தங்கை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓடாது" என்றாள். "தண்ணி மாதிரி ஓடாது!"

"கெட்டியா நிக்கும். தேதி முடிஞ்ச பாட்டில் ரெண்டு குப்பைக்குப் போகக் காத்திருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டு வரேன். இருபது நிமிஷம்."

"அண்ணி, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?"

"காலையிலேயே கேட்டிருக்கலாம்ல?" அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. "ஸ்விட்ச் போர்டு வைக்கும்போதும் நீ கேக்கல."

அண்ணன் துடுப்பைப் பிடித்தபடி ஏரியின் மறுகரையை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

அண்ணி பாட்டில்களோடு திரும்பி வந்தபோது தங்கை வளையத்தைத் துணியால் துடைத்துக் காயவைத்திருந்தாள். "நீங்களே போடுங்க அண்ணி" என்று நகர்ந்து கொண்டாள். அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டு, ஜெல்லை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றினாள். அப்போதுதான் குமிழி விழாது. சென்சாரைச் சாய்த்து வைத்து, அழுத்தி, கடிகாரச் சாவிபோல லேசாகத் திருகினாள். இரண்டு மூன்று குமிழிகள் விளிம்புக்கு வந்து உடைந்தன. தங்கை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை எது என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த போர்டை மாத்திடுறேன் அண்ணி. எங்க வேணும்னு சொல்லுங்க."

"ஜன்னலுக்குப் பக்கத்துல. என் இடுப்பு உயரத்துக்கு" என்றாள் அண்ணி உடனே. பத்து வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில்.

வளையத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். அண்ணன் ஏறினான், முன்னால் சாய்ந்தான், பின்னால் சாய்ந்தான், வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தான். படம் அசையவில்லை.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. அண்ணன் கரையோரமாக ஒரு சுற்று சுற்றி வந்து, "அடேயப்பா, மீனாக் கொட்டிக் கிடக்கு!" என்று திரையைக் காட்டினான். குட்டி குட்டியாக மீன் பொம்மைகள் திரை முழுக்க நீந்திக்கொண்டிருந்தன. அண்ணி தண்ணீருக்குள் இறங்கி, குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த பொம்மையெல்லாம் நிறுத்துங்க. மெஷின் அடிக்கிற குருட்டு ஊகம் இது. படத்தை மட்டும் வைங்க."

தங்கை பொத்தான்களை அழுத்தி பொம்மைகளை எடுத்துவிட்டாள். வெறும் கோடும் புள்ளியும் மிஞ்சின. மற்ற இருவருக்கும் அது தூசி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணி விரலை வைத்தாள்.

"இது கிளை. முங்கின மரம் ஏதாவது இருக்கும். இது சேறு. இங்க கல்லு, பளிச்சுன்னு திருப்பி அனுப்புது பாருங்க. இந்தா, வில்லு மாதிரி வளைஞ்சு போகுதே, இது மட்டும்தான் மீன்."

"எப்படித் தெரியும்?"

"தினமும் முப்பது பேருக்குப் பாக்குறேன். இதுல என்ன, பேரு மட்டும்தானே வேற?"

தங்கை சற்று யோசித்தாள். நாளைக்காக விடுப்பு எடுத்திருந்தாள். புதுத் தொப்பிகூட வாங்கியிருந்தாள். இருந்தாலும் யாரால் வேலை ஆகுமோ அவரே உட்காரவேண்டும் என்பதில் அவளுக்கு மறுபேச்சே இல்லை.

"அண்ணா, பேரை மாத்திக் குடு. முன் சீட்டு அண்ணிக்கு."

"எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாதே" என்றாள் அண்ணி.

"அவனுக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் தங்கை.

ஞாயிறு காலை பதினொரு படகுகள் கிளம்பின. தங்கை புதுத் தொப்பியோடு கரையில் நின்றாள். பிறகு அண்ணனும் அண்ணியும் மாறி மாறிச் சொன்னதிலிருந்துதான் முழுக் கதையும் தெரிந்தது. அண்ணி முதல் ஒரு மணி நேரம் தூண்டிலைத் தொடவே விடவில்லை. "போங்க, போங்க" என்று ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஆழம் நாலு மீட்டரிலிருந்து சட்டென்று ஒன்பதுக்கு இறங்கும் ஓர் இடத்தில், முங்கிய மரம் ஒன்றின் பக்கத்தில், "நிறுத்துங்க" என்றாள்.

"தரையிலிருந்து ஒரு முழம் மேல. அங்க இறக்குங்க."

இறக்கினான். இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. அண்ணனுக்குக் கை பரபரத்தது, வேறு இடம் போகலாம் என்றான்.

"குழந்தை முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தா எந்திரிச்சுப் போயிடுவோமா? காத்திருப்போம். அது அங்கதான் இருக்கு. நான் பாத்துட்டு இருக்கேன்."

இன்னும் பத்து நிமிஷம் போனது. தூண்டில் நுனி வளைந்தது. கயாக் ஒரு பக்கம் சாய்ந்தது. கரையிலிருந்து பார்த்த தங்கைக்குத் தெரிந்தது, எழுந்து நிற்கப் பார்த்த அண்ணனை அண்ணி ஒரே அதட்டலில் உட்கார வைத்ததும், கைவலையை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் கொண்டுபோனதும்தான். அவள் பிடித்த பிடி சரியாக இருந்தது.

நாலு கிலோ இருநூறு. தராசைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. முதல் பரிசு டிப்போவின் டயர் மேஸ்திரிக்குப் போயிற்று, நாலு கிலோ அறுநூறு. அந்த மனுஷன் எந்தக் கருவியும் இல்லாமல் அதைப் பிடித்திருந்தார். அண்ணன் அவருக்கு மனசாரக் கை கொடுத்தான். இரண்டாவது இடம் என்று அறிவித்தபோது தன் பெயருக்கு முன்னால் மனைவியின் பெயரைச் சொல்லவேண்டும் என்று திருத்தினான். எடை போட்ட மீனைத் திரும்ப ஏரியில் விட்டார்கள். ஒரு வாலடியில் அது போய்விட்டது.

கயாக்கைக் காரின் மேல் கட்டிக்கொண்டிருந்தபோது டயர் மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார்.

"என் படகுக்கும் ஒண்ணு மாட்டித் தருவீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள் தங்கை. "நீங்கதான் சும்மாவே பிடிக்கிறீங்களே."

"அடுத்த வருஷம் இவங்க வருவாங்கல்ல" என்று அண்ணியைக் கண்ணால் காட்டினார்.

தங்கை அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி, மாட்டிக் குடுக்கலாமா?"

"மாட்டிக் குடுப்போம்" என்றாள் அண்ணி, ஈரச் சட்டையைப் பிழிந்தபடி. "படம் பாக்க மட்டும் சொல்லித் தரமாட்டேன்."

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கயிற்றின் மறுமுனையை யாராவது பிடிக்கும்படி இரண்டு முறை கேட்டான். யாரும் வரவில்லை. தங்கையும் அண்ணியும் திரையில் சேமித்திருந்த காலைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு, முங்கிய மரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த இன்னொரு வளைவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.