கட் மிஸ்

1

இந்தக் கதை ஒரு கேள்வியாகத்தான் வந்தது. கோல்ஃப் போட்டியில் பாதியில் வெளியேறுகிறவருக்கு என்ன கொடுப்பார்கள்? தேடிப் படித்தேன். போட்டி வழக்கமாக நான்கு நாள். இரண்டாம் நாள் முடிவில் ஒரு கோடு கிழிப்பார்கள். அதன் பெயர் 'கட்'. அதைத் தாண்டாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. சில பெரிய போட்டிகளில் மட்டும் ஏதோ தருகிறார்கள். ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்தவருக்குக் கூலி உண்டு. அதை ஆடியவர்தான் கொடுக்க வேண்டும்.

2

பச்சைப் புல்வெளியில் கருத்தக்கண்ணன் குனிந்து

(வேண்டாம். அந்தப் புல்லை நான் மிதித்ததில்லை.)

மதுரை சிம்மக்கல். பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. வெள்ளி மாலை. குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த சரண்யாதேவியைக் கணவன் கருத்தக்கண்ணன் பெங்களூரிலிருந்து அழைத்தான். கொடைக்கானலில் பை சுமந்து ஆட்டம் பழகியவன். இது அவனுடைய முதல் தொழில்முறைப் போட்டி. பணம் வந்தால் அவள் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்வதாகப் பேச்சு.

"சரண்யா, கட் மிஸ் ஆயிருச்சு."

"அப்பாடா!"



"நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குத் திட்டுறேன்? பத்திரமா வாங்க."

"காலையில வாரேன்."

3

அவள் அறிந்த 'கட்' ஒன்றுதான். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பது.

"பாய், நாளையிலருந்து வரமாட்டேன். அவருக்குக் கட் மிஸ் ஆயிருச்சாம். அம்புட்டும் முழுசா வருது."

முதலாளி பாதுஷா சிரித்தார். "என் கடையில மட்டும் அது மிஸ்ஸே ஆகலைன்னு குத்திக்காட்டுறியாக்கும்?"

"மூணு வருசமா ஒரு மாசம் மிஸ் ஆயிருக்கா, சொல்லுங்க."

"மாஷா அல்லாஹ். போயிப் படிம்மா."

கடையில் வேலை கேட்டிருந்த சமீனாவுக்கு அவள் எதிரிலேயே போன் போட்டார். "காலையில ஒம்பதரைக்கு வந்துரும்மா. வேலை இருக்கு."

4

சந்தேகம். நான்கு நாள் போட்டி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவன் திங்கட்கிழமை புறப்பட்டான். அவள் அன்றிலிருந்து எண்ணினாள்; போட்டி தொடங்கியது வியாழக்கிழமை.

அவளைக் கொஞ்சம் விவரமானவளாக எழுதிப் பார்த்தேன். போனில் தேடினாள், புரிந்துகொண்டாள், குடம் அடுக்கினாள். கதை மூன்று வரியில் முடிந்துவிட்டது. அதை அடித்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: தோற்றவருக்கும் ஏதோ தரும் போட்டி அது. (இல்லை. அவ்வளவு பெரிய போட்டியில் அவனை யார் சேர்ப்பார்கள்?)

முடிவு இரண்டு: அவன் பொய் சொல்கிறான், கடன் வாங்கி

(அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.)

சனிக்கிழமை காலை. வாசலில் பையை இறக்குகிறான். மேசையில் பி.எட். விண்ணப்பம், கையெழுத்துப் போட்டு இருக்கிறது.

"எம்புட்டு வந்துச்சு?"

"சரண்யா, கட்னா..."

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்தக் கோட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினேன், கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் அவனுக்குக் கொடுங்கள். சீக்கிரம். மணி எட்டே முக்கால். சமீனா இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை.