நெளிவில் நிற்கக் கூடாது

எதிர்வீட்டுத் தையல்காரி ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட சேதி தெருவில் எனக்குத்தான் முதலில் தெரியும். ஒட்டுக்கேட்கிற ரகமில்லை நான்; என் சமையலறை ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்து அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேன் ஓட்டிவந்த அவள் வீட்டுக்காரருக்குக் கண் மங்கியதிலிருந்து அது சும்மா நிற்கிறது. தைத்த சீருடைகளைப் பள்ளிகளுக்கு யார் கொண்டுபோவது? "இந்தத் தடவையும் தேறலைன்னா வித்துடலாம்" என்றுவிட்டார் மனுஷன். அவளுக்கு அது பாதிக் கடையை விற்ற மாதிரி.

நேர்ச்சாலையில் அவள் மகாராணி. தேர்வுத் திடலில் கம்புகள் நட்ட பாம்புப் பாதைதான் எமன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து நிறுத்துவாள், ஸ்டியரிங்கைத் திருப்புவாள், மறுபடி கிளப்புவாள். நடுவில் நின்றால் ஃபெயில்.

பயிற்சி வாத்தியார் வாசலிலேயே கத்தினார்: "தாயே, இது வளைவு இல்ல, நெளிவு! வளைவுன்னா ஒரு தடவை திரும்பினா வேலை முடிஞ்சுது. நெளிவுன்னா ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடும். நின்னா எப்படிம்மா?"

"நிக்காம எப்படி சார் திருப்புறது?"

வாத்தியார் தலையிலடித்துக்கொண்டு போனார். படியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

"காலர் முனை தைக்கிற மாதிரியே ஓட்டுறியேடி! ஊசியை இறக்கி, மெஷினை நிறுத்தி, துணியைத் திருப்பி..."

"வேற எப்படியாம்?"

"பாவாடை ஓரத்துல நெளிநெளியா லேஸ் வெக்கிறியே, அப்ப நிறுத்துவியா?"

"நிறுத்தினா சுருங்கிடும்ல? கால் லேசா மிதிச்சிட்டே இருக்கும். கை அடுத்த நெளிவுக்குப் போயிட்டே இருக்கும்..." என்றவள் அப்படியே வாயைப் பிளந்தாள்.

தேர்வன்று பெண்துணை வேண்டாமா என்று நானும் தொற்றிக்கொண்டேன். சொந்த வேனிலேயே தேர்வு. திடலோரம் என்னோடு நின்ற அவள் வீட்டுக்காரருக்கு எல்லாம் மசமசவென்றுதான் தெரிந்தது. கேட்டுக் கேட்டே என் காதைத் துளைத்துவிட்டார்.

"நிக்கிறாளா, பாருங்க அக்கா?"

"இல்ல தம்பி, போறா."

"இப்ப?"

மூன்றாவது திருப்பத்தில் வேன் கம்பை உரசப் பார்த்தது. எனக்கே மூச்சு நின்றது. வேன் மட்டும் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்து, அப்படியே அந்தப் பக்கம் குழைந்தது.

"நெளியுது தம்பி! சூப்பரா நெளியுது!"

தேறிவிட்டாள். இறங்கி வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வேனை யாருக்கோ விக்கப்போறதா சொன்னீங்களே?"

"விக்கிறதா? இனிமே டிரைவரோட சேர்த்துல்ல விக்கணும்!" என்றவர் தடவித் தடவி முன் கதவைத் திறந்து, முதலாளி கணக்காகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "பேசாம ஏறி ஓட்டு. சீருடை எங்கேன்னு பள்ளிக்கூடத்துல கத்துறாங்க."