ஐயா சொல்றாரு

“நடிச்சவன் நாட்டை ஆளக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல—”

“சட்டத்துல இல்லடி, புத்தியில இருக்கு! கேமரா முன்னாடி—”

“அக்கா, என்னை முடிக்க வுடுங்க—”

“—பத்து பேரைப் பறந்து பறந்து அடிச்சவன், தெருவுல தண்ணி வரலைன்னா யாரைப் போய் அடிப்பான்னு எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு!”

எதிர் சீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டார். தமிழ்மொழிக்கு முகம் சிவந்தது.

“ஐயாவுக்கு எப்பவும் எங்க தலைவர் மேலதான் கண்ணு. பாட்டுப் போட்டியில அந்தப் பொண்ணு ஜெயிச்சதுக்கும் இப்படித்தான். அழுது வாங்கிட்டான்னு சொன்னாரு. ஆம்பளை ஜெயிச்சா திறமை, பொம்பளை ஜெயிச்சா கண்ணீரா?”

“நான் சொல்லலம்மா. அவரு சொல்றாரு.”

“நான் கட்டிக்கப்போற இனியவன் சமைப்பாருன்னு சொன்னதுக்கு இன்னா சொன்னாரு?”

“ஆம்பளை அடுப்பாண்ட போய் நின்னா உப்பே பயந்துக்கும்னாரு.”

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பாசஞ்சரில் இந்தச் சண்டை தினமும் நடக்கும். புனிதா விழுப்புரத்திலேயே ஏறிப் பக்கத்துச் சீட்டில் பையைப் போட்டு வைப்பாள். விக்கிரவாண்டியில் தமிழ்மொழி ஏறுவாள். பையைத் தூக்கி மடியில் வைக்கும்போதே சண்டை ஆரம்பமாகிவிடும். அன்றைக்கு மயிலம் தாண்டியதும் தமிழ்மொழி குரலை இறக்கினாள்.

“ஞாயித்துக்கிழமை அம்மாவோட உங்க வூட்டுக்கு வர்றேங்கா. கல்யாணப் பத்திரிகை வைக்க. ஐயாவை எங்கியும் போவாம இருக்கச் சொல்லுங்க.”

“அதுக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம்? இங்கியே குடு.”

“ரயில்லயா? அம்மா என்னைக் கொன்னுடும். புருஷன் பொண்டாட்டியை ஜோடியா நிக்க வெச்சுத்தான் தாம்பாளத்தை நீட்டணும். அவரு இல்லன்னா இன்னொரு நாளைக்கு வரும். எங்கம்மா கிளியம்மா அப்படி ஆளு.”

புனிதா மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜோடிக்கு எங்கே போவது? அந்த மாடி வீட்டில் ஏழெட்டு வருஷமாக அவள் ஒருத்திதான்.

புருஷன் இருந்தான். பச்சைமுத்து. ஓட்டல் மாஸ்டர். அவன் மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். பெங்களூரில் பெரிய ஓட்டலில் வேலை என்று போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். சண்டை இல்லை, கேஸ் இல்லை. கழுத்தில் தாலி மட்டும் கிடக்கிறது.

திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு டோக்கன் கூப்பிடும் வேலை. “ஆதிநாராயணன் வாங்க! அடுத்து முனியம்மாள்!” என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பாள். யார் பெயரையோ சொல்லிச் சொல்லி வாய் வறண்டுபோகும். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

ரயிலில் முதன்முதலாக ஒருநாள் எலெக்ஷனைப் பற்றி வாய் திறந்தாள். “உனக்கு இன்னாம்மா தெரியும் அரசியலு?” என்றான் ஒருத்தன். “எங்க வீட்டுக்காரரு சொல்றாரு” என்று ஏனோ சேர்த்துச் சொன்னாள். அவ்வளவுதான், “அப்படியா, வேற இன்னா சொல்றாரு?” என்று அவனே திரும்பி உட்கார்ந்தான். அன்றைக்குப் பிறந்தவர்தான் இந்த ஐயா. பேப்பர் விடாமல் படிப்பார், சர்க்கரை இல்லாத காபி குடிப்பார், வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் புனிதா வேண்டுமென்றே வைத்தாள். தமிழ்மொழி வந்து சேர்ந்த பிறகு ஐயாவுக்குப் பிடிவாதமும் கூடிப்போயிற்று. அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் பேச்சு பேரணி ஸ்டேஷனிலேயே முடிந்துவிடுமே! அப்புறம் திண்டிவனம் வரைக்கும் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஐயாவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கேயாவது அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் இந்தப் பெண்ணை வரவிடாமல் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை தமிழ்மொழி சிரித்துக்கொண்டே ஏறினாள். “நேத்து இனியவன் கேப்பைக் களி கிண்டினாருக்கா. போட்டோ அனுப்பிச்சாரு, பாருங்க.”

புனிதா போனைப் பார்க்கவில்லை. “ரொம்ப ஆடாதடி. சமைக்கத் தெரிஞ்ச ஆம்பளைக்குப் பொண்டாட்டி எதுக்கு? வயித்துக்கு ஒருத்தியை எதிர்பாக்காதவன்தான் ஒருநாள் பையைத் தூக்கிக்கினு போயிடுவான். நீ வாசல்ல நிக்க வேண்டியதுதான்.”

“இதுவும் ஐயா சொன்னதா?”

“ஆமா, அவருதான்.”

“கல்யாணப் பொண்ணுகிட்ட சொல்ற பேச்சாக்கா இது?”

தமிழ்மொழி காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். சனிக்கிழமை விக்கிரவாண்டியில் ரயில் நின்று கிளம்பியது. பை சீட்டிலேயே கிடந்தது. “யாராச்சும் வர்றாங்களாம்மா?” என்று கேட்ட ஒரு கிழவிக்குப் புனிதா பையை எடுத்து இடம் விட்டாள். அந்தக் கிழவி உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள்.

நினைத்தது நடந்துவிட்டது, இனி வரமாட்டார்கள். நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, டிவியைச் சும்மா பேசவிட்டுப் படுத்திருந்தாள்.

படியில் காலடிச் சத்தம். கூடவே கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மாவின் குரல். “மேலதாம்மா, போங்க.”

எழுந்து தலையை முடிவதற்குள் வாசலில் தமிழ்மொழி. பின்னால் தாம்பாளத்தோடு கிளியம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

“வாங்க வாங்க… நீ கோவமா இருக்கன்னு நெனச்சேன்.”

“கோவம் உங்க ரெண்டு பேருக்குள்ள” என்றாள் கிளியம்மாள். “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“உக்காருங்க. அவரு… இப்பதான், அரை மணி நேரம்கூட ஆவல. திருவெண்ணெய்நல்லூர்ல கரும்பு வெட்டுன்னு ஆளு வந்து கூட்டிக்கினு போயிட்டாங்க. நீங்க வர்றது உறுதியா தெரிஞ்சா இருந்திருப்பாரு. அவருக்குத் தமிழ்னா ரொம்ப…”

கிளியம்மாள் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை நேராக்கி, மேலே பத்திரிகையை வைத்து, புனிதாவை மட்டும் கிழக்குப் பார்த்து நிற்க வைத்தாள்.

“புடி கண்ணு.”

“அவரு வந்தப்பறம் இன்னொரு நாளு—”

“வேணாம். கீழ வூட்டம்மாகிட்ட ஐயா இருக்காரான்னு கேட்டேன். எந்த ஐயான்னாங்க. எல்லாம் சொன்னாங்க. நீ ஒண்ணும் சொல்லிக்கினு நிக்காத. ஒருத்தியா நின்னு வாங்கினா என் பொண்ணு கொறைஞ்சா போயிடுவா? புடி.”

தாம்பாளம் கைக்கு மாறியது. புனிதாவுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “காபி போடறேன்” என்றாள். “இன்னும் நாலு வூடு இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடணும்” என்று சொல்லிக் கிளியம்மாள் படி இறங்க ஆரம்பித்தாள்.

தமிழ்மொழி இறங்கவில்லை. கோபமா இரக்கமா என்று சொல்ல முடியாத முகம். ஏதோ கணக்குச் சரியாக வராதவள்போல நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புனிதா அவளைப் பார்க்காமல் வெற்றிலையின் காம்பைப் பார்த்தாள்.

“அப்ப, இவ்ளோ நாளா ரயில்ல என்கிட்ட சண்டை போட்டது யாரு அக்கா?”